மைல்ஸா, கோல்ட்ரேனா? நம்பர் 1 ஜாஸ் ஆல்பம் சண்டையில் நாம கவனிக்காம விட்டது!

ஜாஸ் ரசிகர்கள் ரெண்டு பேரை ஒரு ரூம்ல உட்கார வெச்சு, "உலகத்துலயே பெஸ்ட் ஜாஸ் ஆல்பம் எது?"ன்னு கேட்டுட்டு கதவைச் சாத்திட்டு வந்துடுங்க. மறுநாள் காலையில போய்த் திறந்தாலும் பேச்சு முடிஞ்சிருக்காது. 'ராஜாவா, ரஹ்மானா?'ன்னு ஆரம்பிச்சா டீ ஆறிப்போகுமே... கிட்டத்தட்ட அதே கதைதான்.

இந்த ஆண்டு அந்தச் சண்டை சூடாவதற்கு ஒரு ஸ்பெஷல் காரணமும் இருக்கிறது. டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் பிறந்தது 1926 மே 26. சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேன் பிறந்தது அதே 1926, செப்டம்பர் 23. ஆக, 2026-ல் ரெண்டு பேருக்குமே நூற்றாண்டு. ஜாஸ் ஆல்பங்களை வரிசைப்படுத்தும் எந்தப் பட்டியலை எடுத்தாலும் முதல் சில இடங்களில் இந்த ரெண்டு பேரும்தான் மோதிக்கொள்வார்கள்.

எனக்கு ஜாஸ் அறிமுகமானது 'விப்ளாஷ்' படத்தால். கையில் ரத்தம் வர டிரம்ஸ் அடிக்கும் அந்தப் பையனைப் பார்த்துவிட்டு, 'சரி, எதிலிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?' என்று தேடியபோது கண்ணில் பட்டது ஒரு டாப் 10 லிஸ்ட். உங்களில் பலருக்கும் இப்படித்தான் ஆரம்பித்திருக்கும். அதனால் லிஸ்ட்டுகளைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. ஆனால், ஒரு ஆல்பம் எப்படி நம்பர் 1 ஆகிறது, அந்த இடத்துக்கு வரவே முடியாமல் போனவர்கள் யார் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

409 - 0: எல்லோரும் ஓட்டுப்போட்ட ஆல்பம்

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959 ஆகஸ்ட்டில் வெளிவந்தது. நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் 30-வது தெரு ஸ்டூடியோவில், மார்ச் 2, ஏப்ரல் 22 என ரெண்டே நாள்களில் பதிவானது. மொத்தம் 5 டிராக்குகள்.

அதில் அப்படி என்ன இருக்கிறது? அதுவரை ஜாஸில் திறமையைக் காட்டுவது என்றால், வேகமாக மாறிக்கொண்டே இருக்கும் கார்டுகளுக்கு இடையில் தடுக்கி விழாமல் ஓடிக்காட்டுவது. மைல்ஸ் அதைத் தலைகீழாக்கினார். கார்டுகளைக் குறைத்துவிட்டு, 'இந்த ஸ்கேலுக்குள் நீ எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இரு, யோசித்து வாசி' என்று வழி திறந்துவிட்டார். ஒரு ராகத்தைப் பிடித்துக்கொண்டு ஆலாபனை செய்வதைக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது சட்டென்று பிடிபடும். ரெண்டும் ஒன்று கிடையாது, ஆனால் அந்த நிதானம் பழக்கமானது. அதனால்தான் ஜாஸ் பற்றி ஒன்றுமே தெரியாதவர்கூட இந்த ஆல்பத்தை ராத்திரி 11 மணிக்குப் போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறார்.

விற்பனையும் சாதாரணம் இல்லை. 2019-ல் அமெரிக்காவில் 50 லட்சம் பிரதிகளுக்கான 'ஐந்து பிளாட்டினம்' சான்றிதழ் கிடைத்தது. அதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 2009 டிசம்பரில், ஆல்பத்தின் 50-வது ஆண்டைக் கொண்டாட அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையே ஒரு தீர்மானம் போட்டது. ஆதரவு 409, எதிர்ப்பு 0. எதற்குமே ஒத்துப்போகாத ரெண்டு கட்சிகளும் ஒத்துப்போன அபூர்வ விஷயம்!

இதில் ஒரு காமெடியும் உண்டு. முதல் நாள் பதிவின்போது ஒரு டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் முதல் பக்கத்தின் 3 டிராக்குகளும் இசைத்தட்டில் இருக்கவேண்டியதைவிட லேசாக வேகமாக, ஸ்ருதி சற்றே ஏறி ஒலித்தன. 1992 மறுவெளியீட்டில்தான் அதைச் சரிசெய்தார்கள். ஆக, 30 வருஷத்துக்கு மேல் உலகமே 'பெர்ஃபெக்ட்' என்று கொண்டாடியது, ஸ்பீடு தப்பிய ஒரு பிரதியை!

'அதெல்லாம் சரி, கோல்ட்ரேன் எங்கே?'

எதிர் அணியின் ஆயுதம், ஜான் கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்'. 1964 டிசம்பர் 9 அன்று நியூ ஜெர்ஸியில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோவில் பதிவாகி, 1965-ல் வெளிவந்தது. போதைப்பழக்கத்திலிருந்து மீண்டு வந்த ஒரு மனிதர், தனக்குக் கிடைத்த மறுவாழ்வுக்குக் கடவுளுக்குச் சொன்ன நன்றிதான் இந்த 33 நிமிட ஆல்பம். கடைசிப் பகுதியில் அவர் தானே எழுதிய ஒரு பிரார்த்தனையை, சொல்லுக்குச் சொல் சாக்ஸபோனில் 'பேசுகிறார்'. வாயால் ஒரு வார்த்தை இல்லை. அவர் பெயரிலேயே சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தேவாலயம் இருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைல்ஸ் அணி 'எங்கள் ஆல்பம் எல்லோருக்கும் புரியும்' என்கிறது. கோல்ட்ரேன் அணி, 'எல்லோருக்கும் புரிவது பெரிய விஷயமா? உயிரைக் கொடுத்து வாசித்தது எது என்று பார்' என்கிறது. உண்மையில் இது ரெண்டு ஆல்பங்களுக்கு இடையிலான சண்டையே இல்லை. 'நல்ல இசை என்றால் என்ன?' என்ற கேள்விக்கான ரெண்டு பதில்கள்.

சண்டையைப் பார்க்கிற நமக்கு ஒரு சின்ன ஷாக்: 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வில் டெனர் சாக்ஸபோன் வாசித்ததே கோல்ட்ரேன்தான்! மைல்ஸ் ரசிகர்கள் தூக்கிப்பிடிக்கும் ஆல்பத்தில் பாதி அழகு எதிர் அணிக்காரருடையது. இந்த விஷயத்தை மனசில் வெச்சுக்குங்க, கடைசியில் தேவைப்படும்.

ஒரே வருஷம், ஒரே ஸ்டூடியோ

டாப் 10 லிஸ்ட்டுகளை உற்றுப் பார்த்தால் 1959 என்ற வருஷம் திரும்பத் திரும்ப வரும். சார்லஸ் மிங்கஸின் 'மிங்கஸ் ஆ அம்', டேவ் புரூபெக்கின் 'டைம் அவுட்', ஆர்னெட் கோல்மனின் 'தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்' எல்லாமே அந்த வருஷத்து வெளியீடுகள்.

மிங்கஸின் ஆல்பத்தில் ஆர்கன்சா மாநில கவர்னர் ஆர்வல் ஃபாபஸைக் கிண்டலடிக்கும் ஒரு டிராக் உண்டு. 1957-ல் லிட்டில் ராக் நகரப் பள்ளிக்குள் 9 கறுப்பின மாணவர்கள் நுழைய விடாமல் ராணுவக் காவலர்களை நிறுத்தியவர் அவர். கொலம்பியா ஆல்பத்தில் அது வெறும் வாத்திய இசையாக மட்டுமே வந்தது. கேலி வரிகளோடு கேட்க, மிங்கஸ் 1960-ல் வேறொரு சின்ன நிறுவனத்துக்காகப் பதிவுசெய்யும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

'டைம் அவுட்' வேறு ரகம். அதில் பால் டெஸ்மண்ட் எழுதிய 'டேக் ஃபைவ்', ஐந்து எண்ணிக்கைத் தாளத்தில் போகும். புரூபெக் குழு 1958-ல் அமெரிக்க அரசின் சார்பில் உலகச் சுற்றுப்பயணம் போனபோது, துருக்கித் தெருவில் கேட்ட தாளம்தான் அந்த ஆல்பத்தின் முதல் டிராக்குக்கு விதை. அதே பயணத்தில் அவர்கள் சென்னைக்கும் வந்தார்கள். மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையோடு சேர்ந்து வாசித்தார்கள். 'ஐந்துல தாளமா, அய்யோ!' என்று அன்றைய அமெரிக்க ரசிகர்கள் மிரண்டிருக்கலாம். கண்ட நடைக்குத் தொடை தட்டிப் பழகிய ஊரில் அது பெரிய அதிசயமாக இருந்திருக்காது.

இப்போது கவனிக்க வேண்டியது இதுதான். 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 'மிங்கஸ் ஆ அம்', 'டைம் அவுட்' மூன்றும் ஒரே கம்பெனி, கொலம்பியா. மூன்றும் பதிவானது அதே 30-வது தெரு ஸ்டூடியோவில். பெரிய கம்பெனி என்றால் விளம்பரம் உண்டு, கடைகள் உண்டு, பத்து வருஷத்துக்கு ஒரு முறை புது அட்டை போட்டு மறுபடி சந்தைக்குக் கொண்டுவரும் பணமும் உண்டு. கடையில் எப்போதும் கிடைக்கும் ஆல்பத்தை அதிகம் பேர் கேட்பார்கள். அதிகம் பேர் கேட்டதுதான் ஓட்டு வாங்கும். ஓட்டு வாங்கியதைக் கம்பெனி மறுபடி அச்சடிக்கும். இசை நன்றாக இல்லாமல் இந்தச் சக்கரம் சுற்றாது, உண்மைதான். ஆனால் இசை நன்றாக இருந்தும் இந்தச் சக்கரத்தில் ஏறாமலே போனவை எத்தனையோ!

ஒரே ஆல்பம்: 5 ஸ்டாரும் 0 ஸ்டாரும்

'விமர்சகர்கள் சரியாகச் சொல்வார்களே' என்கிறீர்களா? அமெரிக்காவின் பிரபல ஜாஸ் பத்திரிகை 'டவுன்பீட்'. ஆர்னெட் கோல்மனின் 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பம் வந்தபோது, 1962 ஜனவரி இதழில் ரெண்டு விமர்சகர்களை வைத்து ரெண்டு விமர்சனம் போட்டார்கள். ஒருவர் கொடுத்தது 5 ஸ்டார். இன்னொருவர் கொடுத்தது ஒரு ஸ்டார்கூட இல்லை! ரெண்டு பேருமே தொழில்முறை விமர்சகர்கள், ரெண்டு பேரும் கேட்டது ஒரே இசைத்தட்டு.

'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையின் 500 ஆல்பங்கள் பட்டியலையும் பாருங்கள். 2003-ல் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வுக்கு 12-வது இடம். 2020-ல் 31-வது இடம். 'எ லவ் சுப்ரீம்' 47-லிருந்து 66-க்கு இறங்கியது. இடையில் அந்த ஆல்பங்களில் ஒரு நோட்டுகூட மாறவில்லை. மாறியது ஓட்டுப்போட்டவர்கள். 2020-ல் புதிதாக 300-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டார்கள். ராக் ஆல்பங்களின் ஆதிக்கம் குறைந்து, ஹிப்ஹாப்பும் ஆர் அண்ட் பி-யும் மேலே வந்தன.

ஸோ, ஒரு லிஸ்ட் 'எது பெஸ்ட்' என்று சொல்வதைவிட, 'யாரைக் கேட்டோம்' என்பதைத்தான் தெளிவாகச் சொல்கிறது.

'ஆல்பம்' என்ற வார்த்தையிலேயே ஒரு சிக்கல்

இதுதான் எனக்கு ரொம்ப லேட்டாகப் புரிந்த விஷயம். ஜாஸின் முதல் சூப்பர் ஸ்டார் யார்? லூயி ஆம்ஸ்ட்ராங். அவர் 1925 முதல் 1928 வரை சிகாகோவில் 'ஹாட் ஃபைவ்', 'ஹாட் செவன்' குழுக்களோடு செய்த பதிவுகள் இல்லையென்றால், தனி ஆளாக நின்று வாசிக்கும் 'சோலோ' என்ற கலையே ஜாஸில் இப்படி வளர்ந்திருக்காது. ஆனால் டாப் 10 ஆல்பங்களில் அவரைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலும் இருக்க மாட்டார்.

காரணம் சிம்பிள். அப்போது ஆல்பமே கிடையாது! 78 ஆர்.பி.எம் இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு சுமார் 3 நிமிடம்தான். பக்கத்துக்கு 20 நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்.பி இசைத்தட்டை கொலம்பியா அறிமுகம் செய்தது 1948-ல். ட்யூக் எலிங்டனின் மாஸ்டர்பீஸ்கள் பலவும் அதற்கு முந்தியவை. சார்லி பார்க்கரின் புகழ்பெற்ற பதிவுகளில் பெரும்பாலானவையும் 78-காகச் செய்யப்பட்டவைதான், எல்.பி-யின் பொற்காலத்தைப் பார்க்காமலே 1955-ல், 34 வயதில், அவர் இறந்துபோனார்.

'பெஸ்ட் ஆல்பம்' என்று கேட்ட அந்த நொடியே, ஜாஸின் முதல் 30 வருஷத்தை நாம் வெளியே நிறுத்திவிடுகிறோம். குறும்படங்கள் மட்டுமே எடுத்த ஒரு தலைமுறையை, 'சிறந்த முழுநீளப் படம்' போட்டியில் தோற்கடிப்பது மாதிரி இது. லிஸ்ட்டுகளில் 1955 முதல் 1965 வரையிலான பத்து வருஷம் பொங்கி வழிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெண்கள் எங்கே?

அடுத்த கேள்வி இன்னும் சங்கடமானது. பாடகிகள் என்றால் பில்லி ஹாலிடே, எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட் பெயர்கள் வரும். வாத்தியம் வாசித்த பெண்கள்?

ஆம்ஸ்ட்ராங்கின் 'ஹாட் ஃபைவ்'வில் பியானோ வாசித்தவர் லில் ஹார்டின், அவருடைய மனைவி. மேரி லூ வில்லியம்ஸ் என்ற பியானோ மேதை 1945-லேயே ராசிகளை வைத்து 'ஜோடியாக் சூட்' என்று 12 பகுதிகளை உருவாக்கினார். அவருடைய ஹார்லெம் வீடு, தெலோனியஸ் மங்க் போன்ற இளைஞர்கள் வந்து கற்றுக்கொண்டு போன இடம். சீடர்கள் எல்லோரும் லிஸ்ட்டில் இருக்கிறார்கள், குருவைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆலிஸ் கோல்ட்ரேனின் கதை இதில் முக்கியமானது. ரொம்ப காலம் அவரை 'ஜான் கோல்ட்ரேனின் மனைவி' என்று மட்டுமே பார்த்தார்கள். 1967-ல் கணவர் 40 வயதில் இறந்த பிறகு, ஹார்ப் வாத்தியத்தையும் தம்புராவின் ரீங்காரத்தையும் சேர்த்து அவர் கொடுத்த ஆல்பம், 1971-ல் வந்த 'ஜர்னி இன் சச்சிதானந்தா'. தலைப்பில் இருப்பவர் கோயம்புத்தூர் அருகே செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. ஆம், 1969 உட்ஸ்டாக் இசை விழாவைத் தொடங்கிவைத்துப் பேசிய அதே சுவாமிதான். ஆலிஸின் ஆன்மிக குரு. 2003 ரோலிங் ஸ்டோன் பட்டியலில் இந்த ஆல்பம் இல்லை. 2020-ல் இருக்கிறது. 50 வருஷம் காத்திருந்து உள்ளே வந்திருக்கிறார்.

இதைத்தான் ரசிகர்களின் சண்டையால் வரும் லாபம் என்பேன். யாரோ ஒருவர் விடாப்பிடியாக 'ஆலிஸை ஏன் சேர்க்கவில்லை?' என்று கேட்டுக்கொண்டே இருந்தால்தான் லிஸ்ட் மாறும்.

அட்டையின் பின்பக்கம்

முன்பு மனசில் வைத்துக்கொள்ளச் சொன்னேன் இல்லையா, இப்போது அதை எடுங்கள். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' அட்டையின் முன்பக்கத்தில் இருப்பது மைல்ஸின் முகம். வாசித்தது மொத்தம் 7 பேர். மைல்ஸ், கோல்ட்ரேன், ஆல்டோ சாக்ஸபோனில் கேனன்பால் ஆடர்லி, பியானோவில் பில் எவான்ஸ், ஒரு டிராக்கில் மட்டும் விண்டன் கெல்லி, பேஸில் பால் சேம்பர்ஸ், டிரம்ஸில் ஜிம்மி காப்.

'ப்ளூ இன் கிரீன்' என்ற டிராக்கை எழுதியவராக ஆல்பத்தில் மைல்ஸின் பெயர் மட்டுமே இருந்தது. அது தன்னுடையது என்று பில் எவான்ஸ் பின்னாளில் சொன்னார். 1960-ல் வந்த அவருடைய சொந்த ஆல்பத்தில் அதே டிராக்குக்கு ரெண்டு பேர் பெயரும் இருக்கிறது.

ஜிம்மி காப் கதை இன்னும் கனமானது. அந்த 7 பேரில் கடைசிவரை உயிரோடு இருந்தவர் அவர். 2020-ன் தொடக்கத்தில், அவருடைய மருத்துவச் செலவுக்காக மகள் இணையத்தில் நிதி திரட்ட வேண்டியிருந்தது. அந்த மே மாதம் 91 வயதில் காலமானார். 50 லட்சம் விற்ற ஆல்பம், நாடாளுமன்றமே பாராட்டிய ஆல்பம்... அதன் டிரம்மர் வீட்டில் ஆஸ்பத்திரி பில்லுக்கு ரசிகர்களிடம் கை நீட்ட வேண்டிய நிலைமை. அன்றைய வழக்கப்படி செஷன் கலைஞர்களுக்கு வாசித்த நாளுக்கான கூலிதான். அது வரலாறு ஆனபிறகு வரும் பணத்தில் அவர்களுக்குப் பங்கு எழுதி வைக்கவில்லை.

பாடலை எழுதியவர் என்று பெயர் இருந்தால் நிலைமையே வேறு. 'டேக் ஃபைவ்' எழுதிய பால் டெஸ்மண்ட் 1977-ல் இறந்தபோது, அதன் ராயல்டியை அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். அவர் போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்தப் பாட்டு சம்பாதித்துக் கொடுக்கிறது. ஒரே வருஷம், ஒரே ஸ்டூடியோ. யாருடைய பெயர் எந்த வரியில் அச்சாகியிருக்கிறது என்பதில்தான் இத்தனை வித்தியாசம்.

'இதெல்லாம் ஜாஸே இல்ல ப்ரோ!'

இப்போதைய சண்டைக்கு வருவோம். 2015-ல் வந்த கெண்ட்ரிக் லமாரின் 'டு பிம்ப் எ பட்டர்ஃப்ளை' ஹிப்ஹாப் ஆல்பம். ஆனால் அதில் கமாசி வாஷிங்டன், ராபர்ட் கிளாஸ்பர் என்று ஜாஸ்காரர்கள் பட்டாளமே இருக்கிறது. அதே வருஷம் கமாசி வெளியிட்ட 'தி எபிக்' கிட்டத்தட்ட 3 மணி நேரம் ஓடும். ரீல்ஸ் காலத்தில் 3 மணி நேர ஜாஸ், அதையும் இளைஞர்கள் கொண்டாடினார்கள்!

2023-ல் சமாரா ஜாய் என்ற இளம் ஜாஸ் பாடகி 'சிறந்த புதுமுகம்' கிராமி வாங்கினார். 2024-ல் லேவே கிராமி வாங்கியபோது, அது 'டிரெடிஷனல் பாப்' பிரிவில். 'அவர் பாடுவது ஜாஸா இல்லையா?' என்று இன்னும் அடிதடி. அமெரிக்காவில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயர், 2012 டவுன்பீட் விமர்சகர்கள் வாக்கெடுப்பில் அந்த ஆண்டின் ஜாஸ் கலைஞர். ஆனாலும் 'ஆல் டைம்' லிஸ்ட் என்று வந்துவிட்டால், இவர்களில் யாருக்கும் சுலபத்தில் இடம் கிடைக்காது. அங்கே கடிகாரம் 1965-ல் நின்றுவிட்டது.

'இது ஜாஸே இல்லை' என்ற வசனம் புதிதும் இல்லை. 1960-களின் தொடக்கத்தில் கோல்ட்ரேனையே 'ஜாஸுக்கு எதிரானவர்' என்று எழுதினார்கள். இன்று அவர் இல்லாமல் லிஸ்ட்டே இல்லை.

அப்போ லிஸ்ட் வேண்டாமா?

வேணும் பாஸ். தாராளமா வேணும். ஆயிரக்கணக்கான ஆல்பங்கள் இருக்கும் கடலில், கால் வைக்க ஒரு படிக்கட்டு வேண்டாமா? படிக்கட்டிலேயே உட்கார்ந்து, எந்தப் படி உயரம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தால்தான் பிரச்னை.

இந்த வாரம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மூன்று விஷயம் செய்து பாருங்கள். ஒண்ணு, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 'வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்', 1928. மூன்றே சொச்சம் நிமிடம். முதல் சில நொடிகளில் டிரம்பெட் தனியாக ஏறி இறங்குவதை மட்டும் கவனியுங்கள். ரெண்டு, 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வின் முதல் டிராக் 'ஸோ வாட்'. மைல்ஸை விட்டுவிட்டு, பின்னால் ஜிம்மி காப்பின் சிம்பல் சத்தத்தை மட்டும் கடைசிவரை பிடித்துக்கொண்டு போங்கள். அதே பாட்டு வேறு பாட்டாகக் கேட்கும். மூணு, ஆலிஸின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா', விளக்கை அணைத்துவிட்டு.

அதுக்கப்புறம் உங்க லிஸ்ட்டைப் போடுங்க. மைல்ஸை முதல்ல வையுங்க, கோல்ட்ரேனை வையுங்க, சண்டை போடுங்க, ஜாலியா இருங்க. ஆனா ஆல்பம் பேருக்குப் பக்கத்துல, அதுல வாசிச்சவங்க எல்லாரோட பேரையும் ஒரு தடவை எழுதிப் பாருங்க. ஸ்ட்ரீமிங் ஆப்ல அட்டையோட பின்பக்கம் கிடையாது. அதை நாமதான் திருப்பிப் பார்க்கணும்.